கையெழுத்து ஒருவருடையது, இழப்பு இன்னொருவருடையது

ரூஜ் பள்ளத்தாக்கின் விளிம்பில், மெடோவேல் வீதியில் இருக்கிறது ரொறன்ரோ மிருகக்காட்சிசாலை. 1974 ஆகஸ்ட் 15 அன்று திறக்கப்பட்டது. 287 ஹெக்டேயர் பரப்பு. ஸ்காபரோவில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளில், பாடசாலைச் சுற்றுலாவாக ஒருமுறையாவது அங்கே போகாதவர்கள் குறைவு. கோடை விடுமுறையில் அங்கே வேலைக்குப் போய் முதற்சம்பளம் வாங்கியவர்களும் இந்தப் பகுதியில் இருக்கிறார்கள். 2024 ஜனவரி 5 அன்று அந்த நிறுவனத்தின் கணினிகளுக்குள் பணம் பறிக்கும் கும்பல் ஒன்று புகுந்திருப்பது தெரியவந்தது. விலங்குகளின் பராமரிப்புக்குப் பாதிப்பு இல்லை, பார்வையாளர்கள் வழமைபோல வரலாம் என்று நிர்வாகம் அறிவித்தது. அந்தளவுக்கு நல்ல செய்திதான். ஆனால் சில நாட்களில் வேறொரு அறிவிப்பு வந்தது. 1989 முதல் அங்கே வேலை செய்தவர்கள், செய்துகொண்டிருப்பவர்கள், ஓய்வுபெற்றவர்கள் ஆகியோரின் வருமான விவரம், சமூகக் காப்புறுதி இலக்கம், பிறந்த திகதி, தொலைபேசி இலக்கம், வீட்டு முகவரி ஆகியவை களவு போயிருக்கக்கூடும் என்றது அது. அகிரா என்ற கும்பல் உரிமை கோரியது. பின்னர், 2000ஆம் ஆண்டு முதல் 2023 ஏப்ரல் வரை நுழைவுச்சீட்டோ அங்கத்துவமோ வாங்கியவர்களின் விவரங்களும் அதில் அடக்கம் என்று தெரிந்தது.

1989இல் பதினெட்டு வயதில் கோடைகால வேலைக்குப் போன ஒருவருக்கு 2024இல் ஐம்பத்து மூன்று வயது. இரண்டு மூன்று மாத வேலை. அதற்காக அவர் கொடுத்த சமூகக் காப்புறுதி இலக்கம் முப்பத்தைந்து ஆண்டுகளாக அந்த நிறுவனத்தின் வசம் இருந்திருக்கிறது. வீடு மாறியிருக்கும், வேலை மாறியிருக்கும், சிலருக்குக் குடும்பப் பெயர்கூட மாறியிருக்கும். அந்த ஒன்பது இலக்கம் மாறாது. அதை வைத்து இன்றும் அவர் பெயரில் ஒருவர் கடன் கேட்கலாம்.

பெரிய நிறுவனங்களின் தகவல் தொழில்நுட்பப் பிரிவில் ஆளுகை, இடர், இணக்கம் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கவனிக்கும் வேலை என்னுடையது. ஜி.ஆர்.சி. என்று அலுவலகத்தில் சொல்வோம். ரூஜ் ஹில் நிலையத்தில் காலையில் கோ ரயிலேறி நகர மையத்துக்குப் போகும் தமிழரில் கணிசமானோர் இதையோ இதற்கு அயலான ஒன்றையோ செய்பவர்கள். கொழும்பில் கணக்கியல் படித்து வங்கியில் இருந்தவர்கள், சென்னையில் மென்பொருள் சோதனை செய்தவர்கள், இங்கே வந்து இரவில் படித்து, சீசா (CISA) என்ற தகவல் அமைப்புக் கணக்காய்வுச் சான்றிதழுக்குத் தேர்வெழுதி இதற்குள் வந்திருக்கிறார்கள். நிரல் எழுதத் தேவையில்லை; ஆனால் நிரல் எழுதுபவரிடமும் கணக்கு எழுதுபவரிடமும் சட்டத்தரணியிடமும் பேசத் தெரிய வேண்டும். எங்கள் ஆட்களுக்கு இது கைவந்த வேலை என்பதில் எனக்குப் பெருமை உண்டு. அதனாலேயே இதைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும் என்றும் நினைக்கிறேன்.

இந்தத் தொழில் இன்றைய உருவத்துக்கு வந்ததற்கு 2001இல் அமெரிக்காவின் என்ரான் நிறுவனம் சரிந்தது ஒரு பெரிய காரணம். அடுத்த ஆண்டே சார்பேன்ஸ்-ஒக்ஸ்லி சட்டம் வந்தது. நிறுவனத்தின் நிதி அறிக்கை உண்மை என்று தலைமை அதிகாரியே கையெழுத்திட வேண்டும். அந்த அறிக்கையை உருவாக்கும் கணினிகளின் மீதும் கட்டுப்பாடு இருப்பதைக் காட்ட வேண்டும். கனடாவும் பங்குச்சந்தை நிறுவனங்களுக்கு இதே பாதையில் விதி செய்தது. வங்கிகளுக்கும் காப்புறுதி நிறுவனங்களுக்கும் தொழில்நுட்ப இடர் குறித்து பி-13 என்ற வழிகாட்டல் 2024 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆக, பங்கு வைத்திருப்பவரைக் காப்பது, வைப்பாளரைக் காப்பது என்ற நோக்கத்தில் பிறந்த வேலை இது. கணினியில் தன் விவரம் கிடக்கிற சாதாரண மனிதரைக் காப்பது அதன் பிறப்பில் இல்லை. பிற்பாடு ஒட்டவைத்தது.

நாங்கள் செய்வதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு மேலாளருக்கும் ஒரு எக்செல் தாள் போகும். அவருடைய பிரிவில் யாருக்கு எந்தக் கணினி அமைப்பில் நுழைய அனுமதி இருக்கிறது என்ற பட்டியல். ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் ‘வைத்திரு’ அல்லது ‘நீக்கு’ என்று குறிக்க வேண்டும். நூற்றைம்பது வரி இருக்கும். சிலர் வேறு பிரிவுக்குப் போய் ஓராண்டு ஆகியிருக்கும். சில வரிகளில் இருப்பது மனிதரே அல்ல. ஒரு மென்பொருள் இன்னொரு மென்பொருளுடன் தொடர்புகொள்ள என்றோ உருவாக்கிய கணக்கு, உருவாக்கியவர் வேலையை விட்டுப் போயிருப்பார், கடவுச்சொல் மாறாமலே இருக்கும். மேலாளருக்கு ஆயிரம் வேலை. கடைசி நாள் மாலை, முதல் வரியில் ‘வைத்திரு’ என்று போட்டு, அந்தக் கட்டத்தின் மூலையைப் பிடித்து அடிவரைக்கும் இழுத்துவிடுவார். தாள் திரும்பி வரும். கணக்காய்வாளர் பார்ப்பார்: மீளாய்வு உரிய காலத்தில் நடந்ததா, ஒப்புதல் மின்னஞ்சல் இருக்கிறதா, ஸ்கிரீன்ஷாட்டின் மூலையில் திகதியும் நேரமும் தெரிகின்றனவா. மூன்றும் சரி. கட்டுப்பாடு செயற்படுகிறது என்று எழுதப்படும். நல்ல கணக்காய்வாளர் இன்னொன்றும் கேட்பார்: இத்தனை மீளாய்வில் எத்தனை பெயர் நீக்கப்பட்டது? அப்படிக் கேட்பவர்களோடு வேலை செய்யும் வாய்ப்பு எனக்குக் கிடைத்திருக்கிறது. அவர்கள் வரும் காலாண்டில் அலுவலகமே வேறுமாதிரி இருக்கும்.

அதைவிட முக்கியமானது இடர் ஏற்புப் படிவம். ஒரு பழைய சேவையகம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் மென்பொருளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றுவிட்டது. மாற்றப் பணம் வேண்டும். இவ்வருடப் பாதீட்டில் இல்லை. அப்போது ஒரு படிவம் நிரப்புவோம். குறை என்ன, அதனால் என்ன நடக்கலாம், நடந்தால் நிறுவனத்துக்கு என்ன இழப்பு, அதுவரை என்ன தற்காலிக ஏற்பாடு, எந்தத் திகதி வரை. கீழே ஒரு பணிப்பாளர் கையெழுத்திடுவார். அவர் இடரை ‘ஏற்றுக்கொண்டார்’ என்று பதிவேட்டில் ஏறும். திகதி முடிந்ததும் அநேகமாகப் புதுப்பிக்கப்படும். இரண்டாம் முறை கையெழுத்திடுபவர் முதல்முறை கையெழுத்திட்டவராக இருக்கமாட்டார். அந்தப் படிவத்தில் அபராதம், வழக்கு, நற்பெயர் என்று நிறுவனத்தின் இழப்பை எழுதக் கட்டங்கள் உண்டு. அந்தச் சேவையகத்தில் விவரம் கிடக்கிற மனிதருக்கு என்ன இழப்பு என்று கேட்கும் கட்டம் நான் வேலை செய்த இடங்களில் இருந்ததில்லை.

என் வாதமெல்லாம் இந்தக் கட்டத்தைப் பற்றியதுதான். இடரை ஏற்பதாகக் கையெழுத்திடுபவர் ஒருவர். அதைச் சுமப்பவர் அந்த அறைக்கே வராத இன்னொருவர். இந்த இடைவெளி இருக்கும்வரை எங்கள் வேலை நிறுவனத்தைக் கணக்காய்விலிருந்து காப்பாற்றும், மனிதரைக் காப்பாற்றாது.

யாரும் கையெழுத்திடாத இடர்

மிருகக்காட்சிசாலைக்கு முன்பே, 2023 அக்டோபர் 28 அன்று, ரொறன்ரோ பொது நூலகம் தாக்கப்பட்டது. நூறு கிளைகள். ஸ்காபரோக் கிளைகளில் தமிழ்ப் புத்தகம் எடுக்கப் போன பெரியவர்கள் முதல், வேலைக்கு விண்ணப்பிக்க அங்குள்ள கணினியை நம்பியிருந்த புதுவரவுகள் வரை எல்லோரையும் அது தொட்டது. பொதுக் கணினிகள் மாதக்கணக்கில் இயங்கவில்லை. திரும்பி வந்த புத்தகங்களைப் பதிய வழியில்லாமல் லொறிப் பெட்டிகளில் அடுக்கி வைத்தார்கள்; பத்து இலட்சத்தை எட்டியது அந்தக் குவியல். நூலகம் கப்பம் கொடுக்க மறுத்தது. அந்த உறுதியை மதிக்கிறேன். ஆனால் களவு போனதில் 1998 முதல் வேலை செய்த ஊழியர்களின் சமூகக் காப்புறுதி இலக்கமும் பிறந்த திகதியும் வீட்டு முகவரியும் அடையாள ஆவணப் பிரதிகளும் இருந்தன.

அதற்கடுத்த ஆண்டின் இறுதியில் பாடசாலைகள். வட அமெரிக்கா முழுவதும் பாடசாலைகள் பயன்படுத்தும் பவர்ஸ்கூல் என்ற மென்பொருளுக்குள் 2024 டிசம்பரில் ஒருவர் நுழைந்தார். ஆதரவுப் பணியாளர் பயன்படுத்தும் ஒரு வாசல். திருடிய கடவுச்சொல் ஒன்றே போதுமாக இருந்தது, இரண்டாவது சரிபார்ப்பு இல்லை. நுழைந்தவர் மசசூசெட்ஸைச் சேர்ந்த பத்தொன்பது வயது மாணவர் என்பது பிறகு அமெரிக்க நீதிமன்றத்தில் தெரிந்தது. ரொறன்ரோ மாவட்டக் கல்விச் சபை தன் பெற்றோருக்குச் சொன்னது: 1985 செப்டம்பர் முதல் படித்த எல்லா மாணவர்களின் விவரமும் பாதிக்கப்பட்டிருக்கலாம். பெயர், பிறந்த திகதி, முகவரி, மருத்துவ அட்டை இலக்கம்.

1985 என்பது எங்களுக்கு வெறும் எண் அல்ல. 1983க்குப் பிறகு அகதிகளாக இங்கே வந்த குடும்பங்களின் முதற்பிள்ளைகள் ஸ்காபரோவின் வகுப்பறைகளில் உட்கார்ந்த காலம் அது. எந்தப் படிவம் எதற்கு என்று தெரியாமல், கேட்ட இடத்திலெல்லாம் பெற்றோர் கையெழுத்திட்ட காலம். ஓர் அரசு தங்கள் விவரங்களைப் பட்டியலாக வைத்திருப்பதன் பயங்கரத்தை 1983 ஜூலையில் கொழும்பில் கண்டவர்கள் அவர்கள். வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வன்முறைக் கும்பல்கள் தமிழர் வீடு தேடி வந்தன என்பதைச் சொல்லாத குடும்பம் குறைவு. அவர்கள் இந்நாட்டை நம்பி மனமொப்பிக் கொடுத்த விவரம் இது. நாற்பது ஆண்டுகள் கழித்து அது இன்னொரு நாட்டுக் கம்பனியின் கணினியிலிருந்து களவு போனது. பாதிக்கப்பட்டவர்களுக்கு அந்தக் கம்பனி தந்தது இரண்டு ஆண்டு அடையாளக் கண்காணிப்பு. பிறந்த திகதிக்கு இரண்டு ஆண்டில் காலாவதி இல்லையே.

இதில் கவனிக்க வேண்டியது, எந்தப் படிவத்திலும் எவரும் ‘1985ஆம் ஆண்டு விவரத்தை வைத்திருக்கும் இடரை நான் ஏற்கிறேன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்க மாட்டார் என்பதே. பழைய சேவையகத்துக்காவது ஒரு படிவம் உண்டு. பழைய தரவுக்கு அதுவும் இல்லை. ஒரு அமைப்பிலிருந்து புதிய அமைப்புக்கு மாறும்போது, ‘எல்லாவற்றையும் அப்படியே எடுத்துப் போடு, பிறகு பார்ப்போம்’ என்ற ஒரு கூட்டக் குறிப்போடு பத்தாண்டுத் தரவு நகர்ந்துவிடும். வைத்திருக்க யாருடைய ஒப்புதலும் தேவையில்லை. அழிக்கத்தான் வேண்டும். பதிவு முகாமையாளர், சட்டப் பிரிவு, மனிதவளம், தொழில்நுட்பம் என்று நான்கு இடத்தில் ஒப்பம் வாங்க வேண்டும். நாளைக்கு ஒரு வழக்கு வந்து அந்தக் கோப்பு தேவைப்பட்டால் அழித்தவர்தான் பதில் சொல்ல வேண்டும். வைத்திருந்ததால் களவு போனால் ‘குற்றவாளிகளின் நவீனத் தாக்குதல்’ என்று ஊடக அறிக்கை வரும். இந்த நிலையில் எந்த அதிகாரி அழிப்பார்?

அழித்துவிடு என்று சொல்வதும் அத்தனை எளிதல்ல, அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கனடாவின் வருமான வரித்துறை சம்பளப் பதிவுகளைப் பொதுவாக ஆறு ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது. ஓய்வூதியக் கணக்குக்கு அதைவிட நீண்ட காலம் தேவைப்படும். முப்பது வருடம் வேலை செய்தவருடைய சேவைக்காலப் பதிவை ஏழாம் ஆண்டில் அழித்தால் அவர் வயதான காலத்தில் அலைவார். ஒன்ராறியோவின் மாணவர் பதிவு விதிகளின்படி, உயர்நிலைப் பாடப் பெறுபேற்றுப் பத்திரத்தையும் அலுவலக அட்டையையும் மாணவர் வெளியேறி 55 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். முன்னேற்ற அறிக்கைகளுக்கு ஐந்தே ஆண்டு. இவை காரணமில்லாத விதிகள் அல்ல. ஐம்பது வயதில் மீண்டும் படிக்கப் போகிறவருக்கு அந்தப் பெறுபேறு வேண்டும்.

ஆனால் பெறுபேறு வேண்டும் என்பதற்காக மருத்துவ அட்டை இலக்கமும் சேர்ந்து நாற்பது ஆண்டு இருக்க வேண்டுமா? ஓய்வூதியத்துக்குச் சேவைக்காலம் வேண்டும் என்பதற்காக, ஒரே ஒரு கோடை வேலை செய்தவரின் முழுக்கோப்பும் இருக்க வேண்டுமா? கோப்பு முழுவதற்கும் ஒரே ஆயுள் என்று நினைப்பதுதான் பிழை. ஒவ்வொரு விவரத்துக்கும் தனித்தனி ஆயுள் உண்டு. அதைப் பிரித்துப் பார்க்கும் வேலை அலுப்பானது. ஒரு அட்டவணைக்கு ஒரு கிழமை ஆகும். புதிய பாதுகாப்பு மென்பொருள் வாங்குவது போல விழா எடுத்து அறிவிக்கவும் முடியாது. ஆயினும் என் அனுபவத்தில், ஒரு நிறுவனத்தின் இடரைக் குறைக்க இதைவிட மலிவான வழி வேறில்லை. இல்லாத தரவை எந்தக் கும்பலாலும் திருட முடியாது.

பொறுப்பு யாருடையது என்று முன்பே தெரியாவிட்டால்

ரூஜ் நதியைத் தாண்டினால் பிக்கரிங். அங்கே அணு மின்நிலையம். ரூஜின் ஒரு பகுதி அந்நிலையத்தின் 10 கிலோமீட்டர் வட்டத்துக்குள் வருவதால், 2015இல் அங்குள்ள வீடுகளுக்கு, கதிர்வீச்சுக் கசிவு நேர்ந்தால் உட்கொள்ளும் அயோடைட்டு மாத்திரைகள் அனுப்பி வைத்தார்கள். 2020 ஜனவரி 12, ஞாயிறு காலை 7.23க்கு ஒன்ராறியோ முழுவதும் கைத்தொலைபேசிகள் அலறின. பிக்கரிங் அணு நிலையத்தில் ஒரு சம்பவம் என்றது செய்தி. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு காரில் ஏறியவர்களும் உண்டு, மாத்திரையைத் தேடி அலுமாரியைக் குடைந்தவர்களும் உண்டு. நிலையத்தில் எதுவும் நடக்கவில்லை. மாகாண அவசரநிலை மையத்தில் பணி மாறும் வேளையில் வழமையான சோதனை செய்த அதிகாரி, தான் பயிற்சி அமைப்புக்குள் இருப்பதாக நினைத்து உண்மையான அமைப்பிலிருந்து அனுப்பிவிட்டார்.

கைதவறுதல் எவருக்கும் நேரும். பயிற்சித் திரையும் உண்மைத் திரையும் மாறிப்போகும்படி வைத்திருந்ததும், ஓர் ஆள் அழுத்தினால் இன்னொருவர் உறுதிசெய்யாமலே கோடிப் பேருக்குச் செய்தி போகும்படி விட்டதும் முதற்குறை. அதைவிடப் பெரிய குறை அதற்குப் பிறகு நடந்தது. தவறு என்று சில நிமிடத்திலேயே மையத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். திருத்தச் செய்தி எல்லாத் தொலைபேசிகளுக்கும் போனது 9.11க்கு. 108 நிமிடம். திருத்தத்தை அதே வழியில் அனுப்பலாமா, அனுப்பச் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்ற தெளிவு இருக்கவில்லை என்று பின்னர் வந்த விசாரணை காட்டியது. ஆளுகை என்று நாங்கள் சொல்லும் முதற்சொல்லின் உள்ளடக்கம் அந்த 108 நிமிடத்தில் இருக்கிறது. பாதுகாப்புக் கருவி இருந்தது, ஆட்கள் இருந்தார்கள், இதைச் செய் என்று சொல்ல உரிய ஆள் யார் என்பது எழுதப்படவில்லை.

யாரும் பொறுப்பேற்காத இடரின் விலை ஹமில்ரன் மாநகரத்தில் பணமாகவே தெரிந்தது. 2024 பெப்ரவரி 25 அன்று அந்த நகர நிர்வாகத்தின் வலையமைப்பில் ஏறக்குறைய 80 சதவீதம் முடங்கியது. தாக்கியவர்கள் ஏறத்தாழ 18.5 மில்லியன் டொலர் கேட்டார்கள், நகரம் கொடுக்கவில்லை. மீட்புக்குச் செலவானது 2025 நடுப்பகுதி வரை 18.3 மில்லியன். காப்புறுதி நிறுவனத்திடம் 5 மில்லியன் கோரியது நகரம், மறுக்கப்பட்டது. காரணம், கடவுச்சொல்லுக்குப் பிறகு இன்னொரு சரிபார்ப்பு என்பது எல்லாப் பிரிவுகளிலும் நடைமுறைக்கு வந்திருக்கவில்லை. சில பிரிவுகளில் தொடங்கி, மற்றவற்றுக்குப் பிறகு செய்யலாம் என்று விட்டிருந்தார்கள். அந்தப் ‘பிறகு செய்யலாம்’ ஒரு இடர் ஏற்புதான், படிவம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். சுமந்தவர்கள் ஹமில்ரனில் சொத்துவரி கட்டுபவர்கள்.

இலங்கையிலும் அதேதான். 2023 ஆகஸ்டில் அரசின் மின்னஞ்சல் சேவையகம் கப்ப மென்பொருளால் தாக்கப்பட்டது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறக்குறைய 5,000 முகவரிகள். மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்களுக்குக் காப்புப் பிரதி இல்லாமல், அவை மீளவே இல்லை. பயன்படுத்தியது 2013ஆம் ஆண்டு மென்பொருள். அதற்கான ஆதரவை உற்பத்தியாளர் 2023 ஏப்ரலில் நிறுத்தியிருந்தார். மேம்படுத்தும் திட்டம் நிதிப் பற்றாக்குறையாலும் தன் சபையின் முந்தைய முடிவுகளாலும் தள்ளிப்போனது என்று பொறுப்பான நிறுவனமே சொன்னது. பொருளாதாரம் விழுந்துகிடந்த நாட்டில் பணம் இல்லை என்பது எனக்கு விளங்குகிறது. காப்புப் பிரதி எடுப்பதற்கு அவ்வளவு பணம் தேவையில்லை என்பதும் விளங்குகிறது.

சட்டம் எங்கே நிற்கிறது? கனடாவில் தனியார் நிறுவனம் ஒன்றில் தரவு களவு போய் ஒருவருக்குக் கணிசமான கெடுதி வரக்கூடும் என்றால், அவருக்கு அறிவிப்பது 2018 நவம்பர் 1 முதல் கட்டாயம். ஒன்ராறியோ மாகாண நிறுவனங்களுக்கு 2024இல் நிறைவேறிய 194ஆம் மசோதாவின் வழியாக 2025 ஜூலை 1 முதல் அதேபோன்ற கடமை வந்தது. ஆனால் அந்த மசோதா நகராட்சிகளுக்கான தனியுரிமைச் சட்டத்தைத் தொடவில்லை. 1991இல் நடைமுறைக்கு வந்த சட்டம் அது. மிருகக்காட்சிசாலையும் நூலகமும் கல்விச் சபையும் அதன் கீழ்தான் வருகின்றன. மூன்றும் தாமாகவே பொதுமக்களுக்கும் தனியுரிமை ஆணையாளருக்கும் அறிவித்தன என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். ஆனால் என் பிள்ளையின் பாடசாலை விவரம் களவு போனால் எனக்குச் சொல்வது அவர்களின் நல்லெண்ணத்தைப் பொறுத்ததாக இருக்கக்கூடாது. சட்டமன்றம் இந்த இடைவெளியை அடைக்க வேண்டும்.

மத்திய அரசின் பக்கத்தில், 2025 ஜூனில் இணையப் பாதுகாப்புக்கான சி-8 என்ற மசோதா முன்வைக்கப்பட்டது. அதற்குப் பொறுப்பான பொதுப் பாதுகாப்பு அமைச்சர் இந்த ரூஜ் பகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் கரி ஆனந்தசங்கரி. இதன் முன்வடிவம் 2022இல் வந்து, 2025 ஜனவரியில் நாடாளுமன்ற அமர்வு முடிந்ததோடு செத்துப்போனது. தொலைத்தொடர்பு, குழாய்வழியும் மின்கடத்தலும், அணுசக்தி, போக்குவரத்து, வங்கி, கொடுப்பனவுத் தீர்வை ஆகிய ஆறு துறைகளை அது குறிவைக்கிறது. நிறுவனத்துக்கு 15 மில்லியன் டொலர் வரையும் தனிநபருக்கு ஒரு மில்லியன் வரையும் தண்டம் விதிக்க இடமுண்டு. தனிநபர் பெயரில் தண்டம் என்பது முக்கியமான நகர்வு. கையெழுத்திடும் கை அப்போதுதான் ஒருகணம் நிற்கும். நூலகமும் பாடசாலையும் மாகாணத்தின் கைக்குள் இருப்பதால் இந்த மசோதா அவற்றை எட்டாது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒரு விஷயத்தில் இவற்றைவிடத் தெளிவாக இருக்கிறது: நோக்கம் முடிந்ததும் அழித்துவிட வேண்டும் என்பதைக் கடமையாகவே எழுதியிருக்கிறது. அரசுக்கு அது தாராளமாக விலக்களிப்பதை நான் ஏற்கவில்லை. அந்த ஒரு விதியை ஒன்ராறியோ எடுத்துக்கொள்ளலாம்.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லாத சில காரியங்களும் உண்டு. அவை என்னைப் போன்றவர்களின் கையில் இருக்கின்றன. முதலாவது, அந்த ஒற்றைக் கட்டம். இடர் ஏற்புப் படிவத்தில் ‘இதனால் பாதிக்கப்படக்கூடியவர்கள் யார், அவர்களுக்கு என்ன நேரும்’ என்று ஒரு கட்டத்தைச் சேர்க்க எவருடைய சட்டமும் தேவையில்லை. படிவத்தை வடிவமைப்பவர்கள் நாங்கள்தான். ‘35 ஆண்டுகளுக்கு முன் மூன்று மாதம் வேலை செய்த ஆயிரம் பேரின் சமூகக் காப்புறுதி இலக்கம்’ என்று அதில் தட்டச்சு செய்தபின் அந்தப் பணிப்பாளர் அதே வேகத்தில் கையெழுத்திடமாட்டார். இரண்டாவது, முறையைத் திருப்பிப்போடுவது. அழிக்க நான்கு ஒப்பம் என்பதற்குப் பதிலாக, உரிய ஆயுள் முடிந்த விவரத்தை வைத்திருப்பதற்குத்தான் ஒப்பம் வேண்டும். ஆண்டுதோறும், பெயர் குறித்த ஓர் அதிகாரியிடம். ஒப்பம் வராவிட்டால் அந்த விவரம் அழியும்.

இவற்றைக் கூட்டத்தில் எடுத்துச் சொல்வது எங்களில் பலருக்குத் தயக்கம். புதிதாக வந்தவன், உச்சரிப்பு வேறு, வீட்டுக் கடன் இருக்கிறது, வேலை போனால் என்ன செய்வது என்ற கணக்கு மனதில் ஓடும். அந்தக் கணக்கை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் இங்கே இந்தத் தொழிலில் இருக்கும் தமிழர் எண்ணிக்கை இப்போது சிறியதல்ல. எங்களில் சிலர் குழுத் தலைவர்கள், சிலர் பணிப்பாளர்கள். அந்தப் படிவத்தின் அடியில் கையெழுத்திடும் இடத்துக்கே வந்துவிட்டவர்களும் உண்டு. கீழே இருக்கும் இளையவர் பேசுவதற்கு முன் மேலே இருப்பவர் பேச வேண்டும்.

2025 நவம்பரில் ஒன்ராறியோவின் தனியுரிமை ஆணையாளர் பவர்ஸ்கூல் விசாரணை அறிக்கையை வெளியிட்டார். கல்விச் சபைகள் அந்தக் கம்பனியோடு செய்த ஒப்பந்தங்களில் வேண்டிய பாதுகாப்பு நிபந்தனைகள் இருக்கவில்லை, வெளியிலிருந்து நுழையும் ஆதரவு வாசலைக் கட்டுப்படுத்தவில்லை என்று அது குறைகண்டது. ரொறன்ரோ மாவட்டக் கல்விச் சபை 2025 ஜூனில் மாகாண மேற்பார்வைக்குள் போய்விட்டதால், தெரிவான உறுப்பினரிடம் கேள்வி கேட்கும் வழி இப்போது குறுகியிருக்கிறது. தகவல் கோரும் வழி மூடப்படவில்லை. நகராட்சிச் சட்டத்தின் கீழ் எவரும் ஐந்து டொலர் கட்டி விண்ணப்பிக்கலாம். கேட்க வேண்டியவை மூன்று ஆவணங்கள்: மாணவர் தரவுக்கான இன்றைய வைப்புக்கால அட்டவணை, வெளியேறிய மாணவர்களின் மருத்துவ அட்டை இலக்கங்களில் 2024க்குப் பிறகு எவை அழிக்கப்பட்டன என்ற பதிவு, அழிக்கப்படாதவற்றை வைத்திருக்க ஒப்புதல் தந்த அதிகாரியின் பதவிப் பெயரும் திகதியும்.